ஸ்கேன் நன்றாக இருந்தும் அம்மாவின் கை ஏன் முறிந்தது?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு வயது 69. பதினேழு வருடமாகச் சர்க்கரை. ஜூலை மழையில் வாசல் படியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. பிறகு கோவையில் எடுத்த டெக்ஸா என்ற எலும்பு அடர்த்தி ஸ்கேனில் முதுகெலும்பு டி-ஸ்கோர் (இளவயது ஆரோக்கியமான எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) மைனஸ் 0.8, இடுப்பு மைனஸ் 1.7. "வயசுக்குப் பரவாயில்லை, கால்சியம் போதும்" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 6.3. சாப்பிடுவது மூன்று மருந்து கலந்த சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, கால் எரிச்சலுக்கு இரவில் ஒரு கேப்சூல், வாரம் ஒரு வைட்டமின் டி பாக்கெட். மகள் கேட்கிறார்: எலும்பு நன்றாக இருக்கிறதென்றால் ஏன் முறிந்தது? கால்சியம் போதுமா? அடுத்து இடுப்பு முறியுமா?

நான் குன்னூரில் பொது மருத்துவம் பார்க்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் வயதான சர்க்கரைக்காரர்கள். எலும்பு அறுவை என் துறை இல்லை. ஆனால் கட்டுப் பிரித்து வீட்டுக்குப் போனவர்கள் அதன்பின் என்னவாகிறார்கள் என்பது என் மேஜைக்குத்தான் வந்து சேரும்.

மணிக்கட்டு முறிந்தால் வீட்டில் எல்லோரும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். கட்டுப் போட்டவரும் கட்டைப் பிரித்ததோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறார். சர்க்கரைக்குப் பார்ப்பவர் சர்க்கரையை மட்டும் பார்க்கிறார். அந்த முறிவு யாருடைய கணக்கிலும் வராமலே போய்விடுகிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து ஒரு எலும்பு முறிந்தால், அதுவே எலும்பு பலவீனமாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி. நல்ல எலும்பு அந்த உயரத்துக்கு ஒடியாது. ஸ்கேன் என்ன சொன்னாலும் இதை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் பொய் சொன்னதா? அதுவும் இல்லை. டெக்ஸா அளப்பது எலும்பில் எவ்வளவு தாது படிந்திருக்கிறது என்பதை. சர்க்கரை நோயில், குறிப்பாகப் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகையில், அந்த அளவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். உடம்பு கொஞ்சம் பருமனாக இருந்தால் மற்றவர்களைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும். கெட்டுப்போவது அளவு இல்லை, தரம். எலும்பில் தாது ஒரு பாதி என்றால், அதைப் பிணைத்து வைக்கிற கொலாஜன் என்ற புரத நார் மறு பாதி. ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் அதிகமாக ஓடும்போது அது இந்த நாரில் ஒட்டிக்கொண்டு, நாருக்கும் நாருக்கும் இடையே தேவையில்லாத முடிச்சுகளைப் போட்டுவிடுகிறது. பச்சை மூங்கில் வளைந்து கொடுக்கும், காய்ந்த மூங்கில் சடக்கென்று ஒடியும். தடிமன் இரண்டுக்கும் ஒன்றுதான். போதாக்குறைக்கு, பழைய எலும்பைக் கரைத்துப் புதிதாகக் கட்டுகிற வேலையும் சர்க்கரை நோயில் மந்தமாகிவிடுகிறது. அன்றாடம் விழும் நுண்ணிய விரிசல்கள் சரிசெய்யப்படாமல் சேர்கின்றன. எலும்பின் கெட்டியான வெளிச்சுவரில் சிலருக்குப் பொடித் துளைகள் விழுகின்றன. இவை எதுவும் டெக்ஸா படத்தில் தெரியாது.

அதனால்தான் ஒரே டி-ஸ்கோர் உள்ள இரண்டு பேரில் சர்க்கரை உள்ளவருக்கு எலும்பு முறியும் வாய்ப்பு கூடுதல். இரண்டாம் வகைச் சர்க்கரையில் இடுப்பு முறிவு மற்றவர்களைப்போல ஒன்றேகாலிலிருந்து ஒன்றே முக்கால் மடங்கு வரை வருகிறது. சிறு வயதிலேயே இன்சுலினில் தொடங்கும் முதல் வகையில் இது பல மடங்கு. பத்து வருடத்துக்கு மேல் ஆன சர்க்கரை, இன்சுலின் தேவைப்படும் நிலை, கண்ணிலோ சிறுநீரகத்திலோ நரம்பிலோ சேதம் என்று சேரச் சேர ஆபத்தும் ஏறும்.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மைனஸ் 1 வரை இயல்பு, மைனஸ் 2.5-க்கும் அதற்குக் கீழும் போனால் எலும்பு மெலிந்து பலவீனமாகும் ஆஸ்டியோபோரோசிஸ், நடுவில் இருப்பது அதன் முன்நிலையான ஆஸ்டியோபீனியா. சர்க்கரை உள்ளவர்களுக்கு மைனஸ் 2.5 வரை காத்திருக்கக் கூடாது என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டலில், சர்க்கரை உள்ள முதியவர்களுக்கு டி-ஸ்கோர் மைனஸ் 2.0 வந்துவிட்டாலோ, லேசாக விழுந்ததில் எலும்பு முறிந்திருந்தாலோ மருந்து பற்றி யோசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் அம்மா இதில் இரண்டாவது வாசல் வழியாக ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார். முதுகெலும்பின் மைனஸ் 0.8-ஐ நான் அப்படியே நம்பவும் மாட்டேன். இந்த வயதில் முதுகெலும்பின் தேய்மான முள்ளும், அதற்கு முன்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பும் சேர்ந்து எண்ணை நல்லதாகக் காட்டிவிடும். இடுப்பு எண்தான் நம்பகமானது.

சில மருத்துவர்கள் ஃப்ராக்ஸ் என்ற கணக்கில் போட்டு, பத்து வருடத்தில் முறிவு வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று சொல்வார்கள். 2008-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவானது. நல்ல கருவிதான், ஆனால் அதன் கேள்விப் பட்டியலில் இரண்டாம் வகைச் சர்க்கரைக்கு இடமில்லை. அதனால் வரும் சதவீதம் குறைத்துத்தான் காட்டும். மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் (ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருக்கிறதா என்ற கட்டத்தில், இல்லாவிட்டாலும் 'ஆம்' என்று குறித்து இதைச் சரிக்கட்டுவது வழக்கம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நிபுணர்களே சொல்லும் வழி இது.

இன்னொரு ஸ்கேனுக்காகக் கீழே இறங்குவதற்கு முன் மலையிலேயே முடிகிற ஒரு சோதனை உண்டு: முதுகுக்குப் பக்கவாட்டில் ஒரு சாதாரண எக்ஸ்ரே. முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு, முறிந்ததென்று தெரியாமலே போய்விடுகிறது. பாரம் தூக்கியபோது பிடித்துக்கொண்டது, வாயு, வயசு என்று ஏதாவது ஒரு பெயரில் கழிந்துவிடும். அம்மாவின் பழைய நைட்டி இப்போது தரையைக் கூட்டுகிறதா என்று பாருங்கள். இளமையில் இருந்ததைவிட நாலு சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தால் எக்ஸ்ரே கட்டாயம். எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு அமுங்கியிருப்பது தெரிந்தால் டி-ஸ்கோர் பற்றிய விவாதமே தேவையில்லை, சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். நைட்டியை எப்படியும் மடித்துத் தைத்துவிடுங்கள். தடுக்கிவிடுவதில் அதற்கும் பங்கு உண்டு.

இப்போது மாத்திரை அட்டை. திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் மூன்று பெயர் இருக்கும்: கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், பையோகிளிட்டசோன். விலை குறைவு, சர்க்கரையும் நன்றாக இறங்கும் என்பதால் நம் ஊரில் நிறைய எழுதப்படுகிற கூட்டு. இந்த மூன்றில் பையோகிளிட்டசோன் எலும்புக்கு ஆகாதது. எலும்பு மஜ்ஜையில் இருக்கிற மூல செல்கள் எலும்பு கட்டும் செல்லாகவும் மாறலாம், கொழுப்புச் செல்லாகவும் மாறலாம். இந்த மருந்து அவற்றைக் கொழுப்புப் பக்கம் தள்ளிவிடுகிறது. இந்த மருந்து வகையைச் சாப்பிடும் பெண்களுக்கு முறிவு ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதிலும் கை, கால் எலும்புகளில்தான் அதிகம். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றிய பயத்தில் 2013 ஜூனில் இந்தியாவில் இதை நிறுத்திவைத்தார்கள், அடுத்த மாதமே எச்சரிக்கை வாசகத்துடன் அனுமதித்தார்கள். அந்தச் செய்தி பலருக்கு நினைவிருக்கிறது. எலும்புச் செய்தி யார் காதிலும் விழவில்லை. ஏற்கெனவே எலும்பு முறிந்த 69 வயதுப் பெண்ணுக்கு இந்த மருந்து வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் நீங்களாக அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்றும் ஒரே மாத்திரையில் இருப்பதால், நிறுத்தினால் மெட்ஃபார்மினும் சேர்ந்து நின்றுவிடும். மருத்துவரிடம் "இதில் பையோகிளிட்டசோன் இல்லாமல் மாற்றித் தர முடியுமா, கை முறிந்திருக்கிறதே" என்று நேரடியாகவே கேட்கலாம்.

கிளிமிபிரைடுதான் எனக்கு இன்னும் பெரிய கவலை. உங்கள் கேள்வியில் ஹெச்பிஏ1சி 6.3 என்பதைக் கொஞ்சம் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். நாற்பது வயதுக்காரருக்கு என்றால் நானும் பாராட்டுவேன். எழுபதைத் தொடும் ஒருவர், கிளிமிபிரைடு சாப்பிட்டு 6.3 காட்டினால், இரவில் எத்தனை முறை சர்க்கரை 70-க்குக் கீழே போகிறதோ என்றுதான் எனக்குத் தோன்றும். லோ சுகர் வந்தால் தலை சுற்றும், கால் பின்னும், புத்தி தடுமாறும். மழைக்கால மலைப்படியில் அது போதும். மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் முதியவருக்கு 7-லிருந்து 7.5-க்குள், பல நோய் சேர்ந்தவருக்கு 8-க்குள் இருந்தால் சரி என்றுதான் இன்று சொல்கிறோம். அதற்காக 9, 10 என்று விட்டுவிடுவதும் எலும்புக்குக் கெடுதல்தான்.

மலையில் லோ சுகரைக் கண்டுபிடிக்க ஒரு வசதி இருக்கிறது. டிசம்பர், ஜனவரிக் குளிரில் நடுராத்திரி யாருக்கும் வேர்க்காது. காலையில் அம்மாவின் தலையணை உறையோ ஜாக்கெட்டோ ஈரமாக இருந்தால், கெட்ட கனவு வந்தது, தலைவலியோடு எழுந்தேன் என்று அவர் சொன்னால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அது லோ சுகர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் ராத்திரி மூன்று மணிக்கு விரலில் குத்திப் பாருங்கள். பிரஷருக்குச் சாப்பிடுவது அட்டெனொலால், மெட்டோபுரொலால் வகை என்றால் கை நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம்; வேர்வை மட்டும் மறையாது. சிறுநீரகம் பலவீனமானால் கிளிமிபிரைடு உடம்பில் கூடுதல் நேரம் தங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே நீலகிரிக்கே உரிய ஒரு விஷயம். இந்தியாவில் அரிவாள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள்போல வளையும் பரம்பரைக் கோளாறு) முதன்முதலில் கண்டறியப்பட்டது 1952-ல், இந்த மலைப் பழங்குடி மக்களிடம்தான். இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களில் அரிவாள் செல் உள்ளவர்களுக்கு ஹெச்பிஏ1சி எண் உண்மையைச் சொல்லாமல் போகலாம். விரல் குத்திப் பார்க்கும் அளவுகளை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நோய் முழுமையாக உள்ளவர்களுக்கு ரத்த ஓட்டம் நின்று இடுப்பு எலும்பின் தலைப்பகுதியே செத்துப்போவதும் உண்டு. உங்களுக்கு இது பொருந்தாவிட்டாலும் படிக்கிற வேறு யாருக்காவது பயன்படும்.

கால் எரிச்சலுக்கு இரவில் தரும் கேப்சூல் பெரும்பாலும் பிரிகாபலின் அல்லது கபாபென்டினாக இருக்கும். இரண்டும் மயக்கமும் தள்ளாட்டமும் தரும். தூக்க மாத்திரையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். எரிச்சலைத் தாங்கிக்கொள் என்று சொல்ல மாட்டேன். குறைந்த அளவு போதுமா என்று கேளுங்கள். எரிச்சலுக்கு அடியில் இருக்கிற மரத்துப்போதல்தான் விழுவதற்கு மூல காரணம்: படி எங்கே முடிகிறது, தரை ஈரமா என்று பாதம் மூளைக்குச் சொல்வதில்லை. மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறைந்து இதே மரத்துப்போதல் கூடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்வதும் சுலபம்.

இரண்டாவது கேள்வி, கால்சியம் போதுமா. போதாது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளைக்கு 1,200 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்கிறது. அதில் முடிந்தவரை சாப்பாட்டிலிருந்து வரட்டும், மிச்சத்துக்கு மாத்திரை. ஒரு டம்ளர் பாலில் 240 அளவுக்குக் கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகில் 350 சுமாருக்கு. ஆனால் கேழ்வரகைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும்; களியாகவோ அடையாகவோ, கூடவே கீரையோ அவரைக் குழம்போ வைத்து அளவாகச் சாப்பிடுவது நல்லது. நெத்திலிக் கருவாடு கிடைத்தால் உப்பைக் கழுவிவிட்டுச் சேர்க்கலாம். மாத்திரை அட்டையில் கால்சியம் கார்பனேட் 1,250 என்று இருந்தால் உண்மையான கால்சியம் 500 மட்டுமே. அதைச் சாப்பிட்ட உடனே போட வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். புரதத்தையும் மறக்கக் கூடாது. காலையில் டீயும் பன்னும், மதியம் சோறும் ரசமும் என்று ஓட்டுகிற முதியவர்களின் தொடையைப் பிடித்துப் பார்த்தாலே தெரியும், சதை கரைந்திருக்கும். முட்டை, பருப்பு, பட்டாணி, தயிர் தினமும் வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். டீ எலும்பை அரிக்குமா என்று எங்கள் ஊரில் எல்லோரும் கேட்பார்கள். அரிக்காது. அதில் போடும் சர்க்கரையைப் பற்றித்தான் எனக்கு வழக்கு.

வைட்டமின் டி பாக்கெட்டை வாரா வாரம் எவ்வளவு நாளாகச் சாப்பிடுகிறார் என்று நீங்கள் சொல்லவில்லை. 60,000 யூனிட் பாக்கெட் வாரம் ஒன்று, எட்டு வாரம், அப்புறம் மாதம் ஒன்று என்பதுதான் வழக்கமான முறை. சீட்டில் "வாரம் ஒன்று" என்று எழுதியதை முடிவு தேதி இல்லாமல் வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களைப் பார்க்கிறேன். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், கடைசியில் சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். அதிகம் கொடுத்தால் எலும்பு கூடுதலாகப் பலப்படும் என்பதும் கிடையாது. 2010-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் வயதான பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்கப்பட்டவர்கள் அதிகமாக விழுந்தார்கள், அவர்களுக்கு எலும்பும் அதிகமாக முறிந்தது. ஒருமுறை ரத்தத்தில் அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெயில்? மலையில் வெயில் அடித்தால் புற ஊதாக் கதிர் கீழே சமவெளியைவிடக் கூடுதல்தான். ஆனால் ஜூனிலிருந்து மழையும் மேகமூட்டமும், அதன்பின் பனியும். வெயில் வரும் நாளிலும் ஸ்வெட்டர், மஃப்ளர், குல்லா. கண்ணாடி போட்ட முன்திண்ணையில் உட்கார்ந்து இதமாகக் காய்வதில் சுகம் உண்டு, வைட்டமின் டி கிடையாது. அதற்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி விடாது. காலை ஏழு மணி இளவெயிலும் அப்படித்தான். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில், கையையும் முகத்தையும் திறந்து வைத்து, வெளியே உட்கார வேண்டும்.

கால்சியத்தைத் தாண்டி உங்கள் அம்மாவுக்கு எலும்பு மருந்து வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. சாதாரணமாக முதலில் எழுதுவது அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரம் ஒரு மாத்திரை. சர்க்கரை உள்ளவர்களுக்கும் இது வேலை செய்கிறது. மருந்து நல்லது, சாப்பிடும் முறைதான் வம்பு. காலையில் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், படுக்காமல் இருக்க வேண்டும். கோத்தகிரியில் ஆறு மணிக்கு எழுந்த ஒரு பெரியம்மாவிடம் டீ குடிக்காமல் அரை மணி நேரம் இருக்கச் சொல்வது லேசான காரியம் இல்லை. டீயோடு போட்டால் மருந்து உடம்பில் ஏறாது. போட்டுவிட்டு மறுபடி கம்பளிக்குள் சாய்ந்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கலாம், அதற்குத் தடையில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் கூப்பிடும் நேரத்தோடு இதைச் சேர்த்துவிடுங்கள்: மாத்திரையை விழுங்கிவிட்டு அரை மணி நேரம் உங்களோடு பேசட்டும்.

அது சரிப்படாவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஜோலெட்ரோனிக் அமிலம் 5 மில்லிகிராம் இருக்கிறது. முதல் முறை ஏற்றியபின் இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம். பயப்பட வேண்டாம், பாராசிட்டமால் போதும். இந்த இரண்டும் சிறுநீரக வடிகட்டும் அளவான இஜிஎஃப்ஆர் 35-க்குக் கீழே இருந்தால் கூடாது. வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். ஆடுகிற பல், பிடுங்க வேண்டிய பல் இருந்தால் அதையும் முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது. தாடை எலும்பு செத்துப்போகும் பக்கவிளைவு அபூர்வம்தான், இருந்தாலும் எதற்கு வம்பு. டெனோசுமாப் என்ற ஊசி ஆறு மாதத்துக்கு ஒன்று. சிறுநீரகம் மிதமாகக் குறைந்தவர்களுக்கு அது வழி. ஆனால் தேதி தப்பக் கூடாது. பாதியில் நிறுத்திவிட்டால் எலும்பு கரைவது திடீரென்று வேகமெடுத்து, முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தவர்கள் உண்டு. மலைப்பாதை மண்சரிவில் அடைபட்டு, பஸ் ஓடவில்லை, ஊசிக்கு அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளிப்போடக்கூடிய குடும்பம் என்றால் நான் அதைத் தொடங்கவே தயங்குவேன்.

இடுப்பு முறியுமா என்ற மூன்றாவது கேள்விக்கு, மணிக்கட்டு முறிந்தவர்களுக்கு இடுப்பு முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதுதான் நேர்மையான பதில். முறிவதற்கு இரண்டு காரணம் வேண்டும்: எலும்பு பலவீனம், விழுதல். மருந்து முதலாவதுக்கு. விழாமல் இருப்பதற்கு வீட்டையும் காலையும் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான லைன் வீடுகளில் கக்கூஸ் வெளியே. குளிரில் சிறுநீர் அதிகம் பிரியும், சர்க்கரை ஏறினாலும் அதிகம் பிரியும். ராத்திரி மூன்று முறை எழுந்து, சிமெண்டுப் படி இறங்கி, பனியில் நனைந்த கல்லில் ஹவாய் செருப்போடு போய்வருவதுதான் உங்கள் அம்மாவின் நாளிலேயே ஆபத்தான பயணம். ராத்திரிக்குக் கட்டிலருகில் நடுவில் ஓட்டை போட்ட ஒரு கமோடு நாற்காலி வாங்கிப் போடுங்கள். வெட்கப்படுவார், ஒரு வாரத்தில் பழகிவிடும். படிக்கு ஒரு பக்கமாவது இரும்புக் குழாயில் கைப்பிடி வேண்டும். படியின் பாசியை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டும். எழுந்தவுடன் நடக்காமல் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போதும் நின்றபிறகும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் மேல் அளவு 20 குறைந்தால் பிரஷர் மாத்திரையைத் திருத்த வேண்டும். கண்புரை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வெறும் காலோடும் விடாதீர்கள். பின்பக்கம் பட்டி வைத்த, அடியில் பள்ளம் வெட்டிய செருப்பு வேண்டும்.

காலுக்கு: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 15 வினாடிக்கு மேல் ஆனால் தொடை பலவீனம். அதே பயிற்சியையே தினமும் செய்யலாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, ஒரு பாதத்துக்கு முன்னால் மறுபாதத்தை வைத்து நிற்பது என்று சேர்த்துக்கொள்ளலாம். இப்படிச் சமநிலைக்கும் பலத்துக்குமான பயிற்சிகள் விழுவதில் சுமார் நாலில் ஒரு பங்கைக் குறைத்துவிடுகின்றன. வெறும் நடைப்பயிற்சிக்கு அந்தப் பலன் இல்லை. வருடக்கணக்கில் கொழுந்து மூட்டையைச் சுமந்து ஏறி இறங்கியவர்தானே என்று நினைக்காதீர்கள், அந்தச் சதை ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே போய்விடும். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயர் கொடுங்கள்.

மறுபடி விழுந்துவிட்டால் எண்ணெய் போட்டு நீவ விடாதீர்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிவு. அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நரம்பு மரத்தவர்களுக்கு வலி குறைவாகவே தெரியும், சிலர் நொண்டி நடக்கவும் செய்வார்கள். அதனால் நடக்கிறாரே என்று விட்டுவிடக் கூடாது. தொடை இடுக்கில் வலி இருந்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் மேலும் பார்க்கச் சொல்லுங்கள். புத்தூர்க் கட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று உறவினர் யாராவது நிச்சயம் கேட்பார்கள். உணர்ச்சி குறைந்த, ரத்த ஓட்டம் குறைந்த கையிலோ காலிலோ இறுக்கிக் கட்டினால் தோல் செத்துப்போவதுகூடத் தெரியாது. சர்க்கரைக்காரர்களுக்கு வேண்டவே வேண்டாம். இடுப்பு முறிவில் ஒன்றிரண்டு நாளுக்குள் அறுவை, மறுநாளே எழுப்பி நிற்கவைப்பது, இதுதான் உயிரைக் காப்பாற்றுகிறது. சுகர் இறங்கட்டும் என்று வாரக்கணக்கில் படுக்கவைப்பது தவறு. இன்சுலினில் சில மணி நேரத்தில் சமாளித்துவிடலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரை யாருக்காவது இருந்தால் மட்டும் மயக்க மருந்து தருபவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

விழாமலே எலும்பு நொறுங்குகிற ஒரு நிலையும் சர்க்கரையில் உண்டு. ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக, ஆனால் அவ்வளவாக வலிக்காமல் இருந்தால் அது சார்கோ பாதமாக இருக்கலாம். சுளுக்கு என்று மேலும் நடந்தால் பாதத்தின் வளைவே சரிந்து தட்டையாகிவிடும். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் வலியில்லையே என்று நடந்துகொண்டே இருந்து, வரும்போது பாதத்தின் வடிவமே மாறியிருக்கும். தொட்டுப் பார்த்து இரண்டு பாதத்துக்கும் சூடு வித்தியாசம் தெரிந்தால் அன்றிலிருந்தே ஊன்றக் கூடாது; பாதத்துக்குக் கட்டுப் போட்டு ஓய்வு தருகிற இடத்துக்குப் போக வேண்டும்.

உங்கள் அம்மாவுக்கு இப்போது நான் கேட்கும் பரிசோதனைகள்: கிரியாட்டினினும் இஜிஎஃப்ஆரும், கால்சியம், வைட்டமின் டி, பி12, ஹீமோகுளோபின், முதுகுக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே. எல்லாவற்றையும் உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பக்கத்திலோ முடித்துவிடலாம். ராத்திரி மூன்று மணி சுகர் அளவுகளையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். இஜிஎஃப்ஆர் எண் வந்ததும் எனக்கும் எழுதுங்கள், மாத்திரையா, நரம்பு ஊசியா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.